மகனுக்கு ஓர் ஈட்டித் துப்பாக்கி



சென்ற கோடையின் தொடக்கத்தில், 16 வயது நிரம்பிய எங்கள் இளைய மகன் தனக்கு ஓர் ஈட்டித் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டான். சிட்னியின் புறநகர் ஒன்றில் வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களில் பிள்ளைகள் எவற்றையெல்லாம் கேட்பார்கள் என்பது இதை வாசிக்கும் பெற்றோருக்குத் தெரியாததன்று. அந்தப் பட்டியலில் இது இல்லை. துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்ததுமே அவனுடைய உம்மா, இந்த வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவனுடைய வாப்பா கீழக்கரைக் கடலோரத்தில் வளர்ந்தவர். மறுக்க மனமுமில்லை, இசையத் துணிவுமில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். இக்கட்டுரையில் நாங்கள் என்பது அவ்விருவரையும்தான். முதலில் ஒத்துப்போகாத இருவர் ஒரு கருவியை வாங்கப்போய், தவறு செய்து, அதைத் திருத்திக்கொண்ட செய்தியை எழுதுகிறோம். வெளிநாடுகளில் கடலருகே வாழும் குடும்பங்களில் இதே கேள்வி எழக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பெயரில்தான் துப்பாக்கி இருக்கிறதே தவிர, அதில் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. உண்மையில் அது நம் ஊர்ப் பிள்ளைகள் மாங்காய் அடிக்கும் உண்டிவில்லின் நெருங்கிய உறவு. ஒரு நீண்ட குழல். அதன் மேல் கிடக்கும் எஃகு ஈட்டி. குழலின் முகப்பில் கோத்த தடித்த ரப்பர். ரப்பரைப் பின்னோக்கி இழுத்து ஈட்டியில் உள்ள பல்லில் மாட்டினால், ஈட்டியின் அடிமுனையைக் கைப்பிடிக்குள் இருக்கும் கொக்கி பிடித்துக்கொள்கிறது. விசையை அழுத்தினால் கொக்கி விடுபட்டு ஈட்டி பாய்கிறது. ஈட்டி ஒரு கயிற்றால் துப்பாக்கியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் எங்கும் தொலைந்துபோவதில்லை. காற்றழுத்தத்தால் இயங்கும் வகையும் உண்டு. அதன் உள்ளுறுப்புகளை வீட்டில் பிரித்துச் சீர்செய்வது எளிதன்று என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ரப்பரில் பழுது வந்தால் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒன்றே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

உம்மாவின் மறுப்பு தளர்ந்ததற்குக் காரணம் வாப்பாவின் வாதத்திறன் அன்று. மகனே ஒரு தாளில் எழுதிவந்து வைத்த விதிகள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மீன்பிடிக் கட்டணம் இல்லை. உடன் சென்று மீன் பிடிக்கும் பெரியவர் கட்ட வேண்டும். முதுகில் காற்றுக் கலன் கட்டிக்கொண்டு ஈட்டியால் மீன் பிடிக்கக் கூடாது. தம் கட்டி மூழ்கித்தான் பிடிக்கலாம். கடற்கரை மணல்வெளிகளில், இரு கோடிகளிலும் உள்ள கடைசி 20 மீட்டர் தவிர மற்ற இடத்தில் தடை. மாநிலத்தின் அடையாள மீனாகிய நீல குரோப்பரை ஈட்டியால் தொடவே கூடாது. இவற்றையெல்லாம் வரிசையாக எழுதி, அடியில் தன் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தான். அதைப் படித்த பிறகு மறுப்பதற்கு உம்மாவுக்கு அச்சம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

அந்த அச்சம் வீண் அன்று என்று பின்னர் தெரியவந்தது.

முதல் துப்பாக்கியை நாங்கள் கடையில் வாங்கவில்லை. ஊர் திரும்பும் ஒருவர் தன் பொருள்களை விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் குறைந்த விலைக்குக் கிடைத்தது. 130 சென்டிமீட்டர் நீளம், 20 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு ரப்பர்கள், அழகிய மரக் கைப்பிடி. பெரிதாக இருந்தால் பெரிய மீன் கிடைக்கும், வலிமை அதிகமானால் குறி தப்பாது என்று வாப்பா எண்ணினார். இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை விளக்கவே இக்கட்டுரையின் பெரும்பகுதி செலவாகப்போகிறது.

சிட்னிக்குத் தெற்கே இல்லவாரா கடற்கரையில் ஷெல்ஹார்பர் அருகே பாறைகள் நிறைந்த ஒரு பகுதிக்கு ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் புறப்பட்டுப் போனோம். (பக்கத்திலுள்ள புஷ்ரேஞ்சர்ஸ் விரிகுடா பாதுகாக்கப்பட்ட பகுதி, அதற்குள் நுழைந்துவிடாமல் எல்லையை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.) அன்று நீரில் கண்ணுக்கெட்டும் தொலைவு 4 அல்லது 5 மீட்டர்தான். மகனால் ஒரு ரப்பரை மட்டுமே இழுத்து மாட்ட முடிந்தது. இரண்டாவதை வாப்பா இழுத்துக் கொடுத்தார். அவ்வளவு நீளமான குழலைத் தண்ணீருக்குள் பக்கவாட்டில் திருப்புவது, கதவொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்புவதைப் போன்றது. அவன் திருப்பி முடிப்பதற்குள் மீன் போய்விடும். கடைசியில் பாறை இடுக்கின் வாயிலில் அசையாமல் நின்ற ஒரு செம்மோர்வாங் மீனை, ஒரு கை தூரத்தில் வைத்து எய்தான்.

ஈட்டி மீனை ஊடுருவிப் போய்ப் பின்னால் இருந்த பாறையில் மோதியது. முனை மழுங்கியது. மீனைப் பிடித்து நிறுத்துவதற்காக முனையருகே மடங்கி விரியும் சிறு எஃகு நாக்கு ஒன்று உண்டு. மோதிய வேகத்தில் அது விரிந்து நிற்கவில்லை. மீன் உதறிக் கிழித்துக்கொண்டு இடுக்கின் ஆழத்துக்குள் போய் மறைந்தது. மகன் ஐந்து முறை மூழ்கித் தேடினான். கிடைக்கவில்லை.

அன்றிரவு அவன் உணவைத் தொடவில்லை. அது செத்திருக்குமா என்று ஒருமுறை கேட்டான். எங்களிடம் விடை இல்லை. மறுநாள் பள்ளிவாசலில் ஆலிம் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். கடல் வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்டது, மீனை அறுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் உண்பதற்காகப் பிடிப்பது வேறு, பிடித்து வீணாக்குவது வேறு என்று அவர் விளக்கினார். அறியாமல் நேர்ந்ததற்காக வருந்துவது போதும் என்றார். பிறகு சற்றுப் பொறுத்து, அந்தக் கருவி உனக்குப் பொருந்தாது என்று தெரிந்த பின்னும் அதையே எடுத்துக்கொண்டு போனால் அதை அறியாமை என்று சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் மகனைப் பார்த்துச் சொன்னாலும் வாப்பாவுக்குத்தான் அது உறைத்தது.

அப்படி உறைத்தும், முனையைத் தீட்டிக்கொண்டு அதே துப்பாக்கியோடு இன்னொரு முறை போனோம் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். பணம் கொடுத்து வாங்கியதை மூலையில் போட மனம் வரவில்லை. அந்த இரண்டாவது பயணத்தில் கரையேறும் நேரம், ஒரு ரப்பர் மாட்டியபடியே இருந்தது. நீரிலேயே அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி; களைத்துப் போயிருந்த அவன் கைகளுக்கு அதை இழுத்துக் கழற்றும் வலு இல்லை. அலை தள்ளியதில் கைப்பிடி பாறையில் தட்டியது. விசையை யாரும் தொடவில்லை. ஈட்டி பாய்ந்தது. வாப்பாவின் கெண்டைக்காலுக்கு ஒரு சாண் அப்பால் போய்ப் பாறைக் குட்டையில் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் யாரும் பேசவில்லை. உம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று வாப்பா யோசித்துக்கொண்டிருக்க, வாசலில் காலணியைக் கழற்றுவதற்கு முன்பே மகன் சொல்லிவிட்டான்.

அதன் பிறகு ஒரு மாதம் கடல் பக்கம் போகவில்லை. அந்த ஒரு மாதத்தில்தான் உண்மையில் கற்றோம். மூழ்குவோருக்கான பொருள்களை விற்கும் ஒரு கடையில் பல்லாண்டு அனுபவமுள்ள பணியாளர் ஒருவர் அந்தத் துப்பாக்கியின் கைப்பிடியைப் பிரித்துக் காட்டினார். ஈட்டியைப் பிடித்து நிற்கும் கொக்கியின் விளிம்பு தேய்ந்து உருண்டு போயிருந்தது. விற்றவருக்கு அது தெரிந்திருக்குமா என்பதை அல்லாஹ் அறிவான். வெளிப்பார்வைக்கு மரம் பளபளத்ததால் நாங்கள் உள்ளே பார்க்கவில்லை. துப்பாக்கியில் பாதுகாப்புப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அது விசையை மட்டும்தான் தடுக்கும், தேய்ந்த கொக்கியைத் தடுக்காது என்று அவர் சொன்னபோது உம்மா அந்தப் பொத்தானை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதல் ஆராய்ச்சியின் தலைமை உம்மாவிடம் போயிற்று. கடலுக்கு அஞ்சுபவர் கருவியை நன்றாகச் சோதிப்பார் என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

முதலில் நீளம். நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அதற்கேற்ற நீளம் வேண்டும். கலங்கிய நீருக்கும் பாறை இடுக்குகளுக்கும் 75 சென்டிமீட்டர் அளவு போதும். கரையோரப் பாறைகளில் பொதுவான வேட்டைக்கு 90 முதல் 110 வரை. 120க்கு மேற்பட்டவை ஆழ்கடலின் தெளிந்த நீரில், தொலைவில் வரும் பெரிய மீன்களுக்கு. 5 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நீரில் 130 சென்டிமீட்டர் துப்பாக்கியோடு நின்ற எங்கள் நிலையை, வீட்டுக்குள் கம்பு சுற்றுவதற்கு ஒப்பிட்டார் அந்தக் கடைக்காரர். மகனுக்கு 90 போதும் என்று முடிவாயிற்று. அவனுக்கு முகம் சற்றே வாடியது. நண்பன் ஒருவனிடம் 110 இருக்கிறதாம்.

அடுத்தது ரப்பர். இதில்தான் எங்களுக்குப் பெரிய வியப்பு கிடைத்தது. இழுவிசை ரப்பரின் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் ரப்பர் ஒன்றுக்கு இருபதை இருபதால் பெருக்கினால் 400. 14 மில்லிமீட்டர் ரப்பர் இரண்டுக்கு, பதினான்கைப் பதினான்கால் பெருக்கி இரட்டித்தால் 392. ஆக, மெல்லிய இரண்டும் தடித்த ஒன்றும் ஏறக்குறைய ஒரே வலிமை. ஆனால் மெல்லியதை ஒவ்வொன்றாக மாட்டும்போது கைக்கு வரும் பளு பாதிதான். ஓர் இளைஞனுடைய தோளுக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு! பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்த உம்மா இதைத் தாளில் எழுதிக் காட்டியதும் வாப்பாவுக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ரப்பரின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. இயற்கை ரப்பரைத் தன் நீளத்தைப் போல் 3 முதல் 3.5 மடங்கு வரை இழுப்பது வழக்கம். எங்கள் துப்பாக்கியில் முகப்புத் துளையிலிருந்து ஈட்டியின் பல் வரை 77 சென்டிமீட்டர். அதை 3.5 ஆல் வகுத்தால் 22. இருபுறமும் சேர்த்து 44 சென்டிமீட்டர் ரப்பர் வேண்டும். இதைவிடக் குட்டையாக வெட்டினால் ஈட்டி இன்னும் வேகமாகப் போகும் என்று சிலர் சொல்வார்கள். போகும்தான், ஆனால் துப்பாக்கி கையில் உதைக்கும், முகப்பு மேலே எழும்பும், ஈட்டி நெளிந்துகொண்டு போகும். இலேசான குழலில் மிகையான ரப்பரைப் பூட்டினால் குறிக்கு மேலே போய்விடும். இதை நாங்களே சோதித்துப் பார்த்தோம்; பின்னர் சொல்கிறோம்.

ஈட்டி 6.5 அல்லது 7 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் இத்தகைய துப்பாக்கிக்குப் போதும். தடித்த ஈட்டி கனமானது. அதைத் தள்ள வலிய ரப்பர் வேண்டும். வலிய ரப்பருக்குக் கனமான குழல் வேண்டும். இப்படியே ஏறிக்கொண்டு போனால் மீண்டும் அந்த 130க்கே வந்து நிற்போம். ஈட்டி நேராக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கண்ணாடி மேசையின் மீது உருட்டிப் பாருங்கள். கோணல் இருந்தால் துள்ளும். கடையில் மூன்று ஈட்டிகளை உருட்டியதில் புத்தம்புதிய ஒன்றே துள்ளியது.

குழல் அலுமினியம். மரத்தின் அழகு மீண்டும் எங்களை மயக்கப் பார்த்தது, இம்முறை மயங்கவில்லை. குழலின் முழு நீளத்துக்கும் ஈட்டி படுத்துக்கொள்ளும் பள்ளம் இருந்தால் ரப்பரின் இழுப்பில் ஈட்டி வளையாது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ராப் ஆலன் துப்பாக்கிகள் இந்த அமைப்புக்குப் பெயர் பெற்றவை. குழலைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே நீர் தளும்பும் ஒலி கேட்டால் அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. எய்த பின் துப்பாக்கி மிதக்காமல் மூழ்கும். பழைய துப்பாக்கியில் அந்த ஒலியும் இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தோம். வாங்கிய நாளில் அதை ஏதோ உதிரி உறுப்பு என்று நினைத்திருந்தோம்.

கொக்கியின் சோதனைதான் உம்மாவுக்கு முதன்மையானது. ரப்பரை மாட்டாமலேயே இதைச் செய்யலாம். நீருக்கு வெளியே ரப்பரை மாட்டவே கூடாது, கடையிலும் கூடாது, வீட்டிலும் கூடாது. ஈட்டியைக் கைப்பிடிக்குள் செருகினால் கடுக்கென்ற ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும். பிறகு முகப்பைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு ஈட்டியைக் கையால் முன்னோக்கி இழுத்துப் பிடித்தபடி, கைப்பிடியை உள்ளங்கையால் நாலைந்து முறை தட்ட வேண்டும். அசையக் கூடாது. விசையை அழுத்தினால் தயங்காமல் விட வேண்டும். உட்பகுதி எஃகா பிளாஸ்டிக்கா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். உம்மா அன்று ஏழு துப்பாக்கிகளைத் தட்டினார். கடையிலிருந்த மற்ற வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஃபர்தா அணிந்த ஒரு பெண் ஈட்டித் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது அந்தக் கடைக்குப் புதிய காட்சியாக இருந்திருக்கும்.

ரப்பர்களை ஈட்டியோடு சேர்க்கும் கண்ணி எஃகுக் கம்பியாலும் இருக்கலாம், வலிய நூற்கயிற்றாலும் இருக்கலாம். நாங்கள் நூற்கயிறே கேட்டோம். இழுத்து மாட்டும்போது கை வழுக்கினால் விரலைக் கிழிப்பது எஃகுக் கம்பிதான். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 300 டாலர் ஆயிற்று. முதல் துப்பாக்கிக்குக் கொடுத்ததைப் போல் மும்மடங்கு. அந்தப் பழையதை வேறொருவருக்கு விற்று ஓரளவு பணத்தை மீட்கலாமே என்ற எண்ணம் வராமல் இல்லை. அதன் குறையை அறிந்த பின் விற்பது எப்படி ஆகும்? கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டோம். குழல் இப்போது தோட்டத்தில் புடலங்கொடிக்குக் கோலாக நிற்கிறது.

புதியதைக் கொண்டு நேரே மீனிடம் போகவில்லை. உயிருள்ள எதையும் குறிபார்த்துப் பழகும் இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நாம் அறிவோம். அலையடங்கிய ஒரு குடாவில், ஆட்கள் எவரும் இல்லாத பக்கத்தில், பழைய முகாம் மெத்தையின் நுரைத்துண்டு ஒன்றைக் கல்லும் மிதவையும் கட்டி நீருக்குள் நிறுத்தினோம். 3 மீட்டர் தொலைவிலிருந்து ஐந்து முறை எய்ய வேண்டும். ஐந்தும் ஒரு தட்டின் அகலத்துக்குள் விழ வேண்டும். கடையில் மாட்டிக் கொடுத்திருந்த ரப்பர் நாங்கள் கணக்கிட்டதைவிடக் குட்டை. ஐந்தும் ஒன்றாகவே விழுந்தன, ஆனால் குறிக்கு ஒரு சாண் மேலே. 44 சென்டிமீட்டர் ரப்பருக்கு மாற்றியதும் குறி இறங்கி நடுவுக்கு வந்தது. கைகளையும் அன்றே சோதித்தோம். இடுப்பளவு நீரில் நின்று, துப்பாக்கியின் அடியை நெஞ்சில் ஊன்றி, இரு கைகளாலும் ஒரே சீராக இழுத்து மாட்ட வேண்டும்; பிறகு எய்யாமலேயே கழற்றவும் வேண்டும். பத்தாவது முறையும் அவனால் கழற்ற முடிந்தது. வாப்பாவால் எட்டு முறைதான்.

நீரின் கண்கட்டு வித்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகமூடிக் கண்ணாடி வழியே பார்க்கும்போது எல்லாம் கால் பங்கு அருகிலும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். 2 மீட்டரில் நிற்பதாகத் தோன்றும் மீன் உண்மையில் ஏறக்குறைய 2.7 மீட்டரில் நிற்கிறது. தூரத்தைவிட அளவில்தான் இது பெரிய சிக்கல். இங்கே லூடரிக் என்ற மீனைப் பிடிக்கக் குறைந்தபட்ச அளவு 27 சென்டிமீட்டர். நீருக்குள் 33 போலத் தெரியும் மீன் வெளியே வந்ததும் 25தான் இருக்கும். தூண்டில் போடுகிறவர் சிறியதை மெல்லக் கழற்றித் திரும்ப விட்டுவிடலாம். ஈட்டியில் திரும்ப விடுதல் என்பதே கிடையாது. ஆகவே அளவு பார்ப்பது, இனம் பார்ப்பது, பின்னால் பாறை இருக்கிறதா ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது எல்லாமே விசையைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தன்னால் எளிதாகத் திருப்பவும் நிறுத்தவும் கழற்றவும் முடிகிற துப்பாக்கி கையில் இருந்தால்தான் அவ்வளவையும் பார்க்க ஒருவனுக்கு மனம் ஓய்வாக இருக்கும். 130ஐப் பிடித்திருந்த நாளில் அவனுடைய கவனம் முழுவதும் துப்பாக்கியின் மீதே இருந்தது. மீனின் மீது இல்லை.

துப்பாக்கியைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. அது மூச்சு. கூடுதல் நேரம் தம் கட்டுவதற்காக முன்கூட்டியே வேகவேகமாக மூச்சிழுத்து விடுகிறவர்களுக்கு, மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே, மேலே வரும் வழியில் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறக்கிறார்கள். ஆகவே எவரும் தனியாக மூழ்கக் கூடாது; ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும்; கீழே போனவர் தலை தூக்கிய பிறகும் அரை நிமிடம் கண்ணெடுக்கக் கூடாது. சங்கு குளிக்கவும் முத்துக் குளிக்கவும் போன எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காலத்தில் படகின் மேலிருந்து கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பது வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தன் சகோதரி கைம்பெண் ஆகக் கூடாது என்ற கவலை அவருக்குத்தானே அதிகம்? அந்தக் கதையை நினைத்தே உம்மா தன் தம்பியை இதில் இழுத்துவிட்டார். சிட்னியின் மறுகோடியில் வசிக்கும் மாமா முதலில் சாக்குப்போக்குச் சொன்னார். இப்போது மிதவைக் கொடியும் கயிறுமாக அவர்தான் முதலில் வந்து நிற்கிறார்.

இந்தியாவில் உள்ள உறவினர்கள் இதை வாசித்துவிட்டு ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லக் கூடாது என்பதற்காக ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய நீர்ப்பரப்பும் 1986ஆம் ஆண்டிலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே இதற்கு இடமில்லை.

பராமரிப்பு பெரிய வேலையன்று. கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் கழுவி, நிழலில் காயவைத்து, வெயில் படாத அலமாரியில் வைக்கிறோம். ரப்பரைக் கெடுப்பவை உப்பும் வெயிலும். மாதம் ஒருமுறை உம்மா ரப்பரை விரலில் வளைத்து, முகப்புத் துளையில் உரசும் இடத்தையும் கண்ணி கட்டிய இடத்தையும் பார்க்கிறார். மயிரிழை அளவு வெடிப்புத் தெரிந்தாலும் கத்தரித்துவிடுகிறார். இன்னும் ஒரு மாதம் தாங்கும் உம்மா என்று மகன் கெஞ்சியதற்கு இதுவரை பயனில்லை.

புதிய துப்பாக்கியோடு போன முதல் மூன்று பயணங்களிலும் மீன் இல்லை. மூன்றாவதன்று ரப்பரைக் கழற்றிய நிலையில் கரையேறி வந்தவன், தூரம் கூடுதலாக இருந்தது, எய்யவில்லை என்றான். நாலாவது பயணத்தில் ஒரு லூடரிக் கிடைத்தது. வெளியே வைத்து அளந்தால் 34 சென்டிமீட்டர். ஈட்டி செவுளுக்குப் பின்னால் போயிருந்தது. துடிக்கவிடாமல் உடனே கத்தி முனையால் மூளையில் குத்தி முடித்தான்; அதைக் கற்றுக்கொடுத்தவர் மாமா. பாறையின் மேல் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தோம். பாசி தின்னும் மீன் ஆதலால் வயிற்றைக் கடற்கரையிலேயே சுத்தம் செய்து, உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வாடை போகாது. மாமா அவசரத்தில் பாதியை விட்டுவிட்டார். ஆணத்தில் புளியை ஒரு பங்கு கூட்டியும் உம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. மகன் மட்டும் மூன்றாம் முறை சோறு கேட்டான்.